நின்ற வண்டியைத் தாண்டிப் போவது

கோல சிலாங்கூரில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது கலும்பாங்கில். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பெண் ஆசிரியர்தான் வேண்டும் என்று கேட்பதால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்தாம் படிவம் முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். கைப்பேசியைப் பிடிக்கிற அதே அலட்சியத்தோடு ஸ்டியரிங்கையும் பிடிப்பார்கள். அவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "மெதுவா, மெதுவா" என்று கத்துவதிலேயே எனக்குத் தொண்டை போய்விடும். "போங்க, பயப்படாம போங்க" என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது ஒரே ஒருவரிடம்தான். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் கடையில் இறால் பிரிக்கும் வேலை. வகுப்பு இருக்கிற நாளில் கடையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி, பவுடர் போட்டுக்கொண்டு வருவார். அப்படியும் காருக்குள் ஏறியதும், "மீன் வாடை அடிக்குதா டீச்சர், ஜன்னல இறக்கவா?" என்று கேட்பார். முதல் நாள் புத்தம் புது வெள்ளைச் சப்பாத்து போட்டு வந்திருந்தார். சிலிப்பரோடு பிரேக் மிதிக்கக் கூடாது என்று மகள் சொன்னாளாம்.

எதற்காக இந்த வயதில் லைசன்ஸ் என்று நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார். வீட்டுக்காரருக்கு நடக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. மகள் ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறாள்; அவளால் அடிக்கடி லீவு போட முடியாது. வீட்டு வாசலில் ஒரு கார் சும்மா நிற்கிறது. "அது பாட்டுக்கு துருப்பிடிச்சிக்கிட்டு நிக்குது. நான் ஏன் ஓட்டக் கூடாதுன்னு தோணிச்சு" என்றார்.

நன்றாகத்தான் கற்றுக்கொண்டார். கிளச்சை விடுவதில் பொறுமை, கியர் மாற்றுவதில் பொறுமை. பயிற்சித் திடலில் பார்க்கிங் போடுவதை இரண்டாம் வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். மேட்டில் நிறுத்தி எடுப்பது மட்டும்தான் தகராறு. அது எல்லோருக்கும் உள்ள தகராறுதான் என்பதால் நான் கவலைப்படவில்லை. சாலைப் பயிற்சிக்கு அவரை அழைத்துக்கொண்டு அசாம் ஜாவாவிலிருந்து ஈஜோக் பக்கம் போனேன். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பழகுகிறவர்களுக்கு ஏற்ற சாலை, பழக்குலை ஏற்றிய லோரிகள் பின்னால் வந்து முட்டுகிற மாதிரி நிற்காதவரைக்கும்.

அன்று ஒரு லோரி எங்களுக்கு முன்னால் பழுதாகி நின்றது. பாதி புல்லில், பாதி தாரில். டபுள் சிக்னல் மினுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வைக்க வேண்டிய சிவப்பு முக்கோணம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டிருந்தார்கள். லோரிக்காரர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், சாலையைப் பார்த்த பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடி பாருங்கக்கா. எதிர்ல ஒண்ணும் வரல. வலது சிக்னல் போடுங்க. கொஞ்சம் ஒதுங்கி மெதுவா தாண்டுங்க" என்றேன்.

அக்கா தாண்டவில்லை. மரக்கிளைக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே பிரேக்கை அழுத்திக் காரை நட்டநடு வரிசையில் நிறுத்திவிட்டார். இஞ்சினும் அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன். நான் டபுள் சிக்னலைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த வேன் எங்களை இடிக்காமல் நின்றது அந்த வேன்காரரின் கெட்டிக்காரத்தனத்தால்தான்.

"அக்கா, ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் கை சாவிக்குப் போகவே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்த லோரிக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் இறங்கிச் சுற்றிவந்து, அவரை இந்தப் பக்கம் உட்காரவைத்து, நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

சாலையோர ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு பால் விடாத தே ஓ சொன்னேன். பாதி குடித்துவிட்டு அவர் சொன்னார். வீட்டுக்காரர் செம்பனை லோரி ஓட்டியவர். இதே மாதிரி ஓர் இடத்தில் டயர் மாற்ற உட்கார்ந்தபோது ஒரு கார் அடித்துவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் புருஷன் ஞாபகம் வந்து நடுங்கியிருக்கிறார். பழகினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் பாடப் புத்தகத்தில் நின்ற வண்டியைத் தாண்டுகிற விஷயத்துக்கு இடம் கொஞ்சம்தான். தியரி வகுப்பில் நான் அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. வேகத்தைக் குறை. கண்ணாடி பார், சிக்னல் போடு. தடை உன் பக்கத்தில் இருப்பதால் எதிரே வருகிறவனுக்கு முதலில் வழி விடு. ஒரு கதவு திடீரென்று திறந்தாலும் இடிக்காத அளவுக்கு இடைவெளி விட்டுத் தாண்டு. காரணமில்லாமல் வரிசையில் நிற்காதே, அதுவும் ஆபத்து. இதைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டுக் கொட்டாவி விடுவார்கள்.

அக்காவுக்காக அதைத் திடலில் செய்து பார்க்க நினைத்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில், எங்கள் ஓட்டுநர் பள்ளியின் பழைய கார் ஒன்றைத் திடல் ஓரமாக நிறுத்தினேன். என்னோடு வேலை செய்கிற மலாய்க்கார ஆசிரியர் ஒருவர், நல்ல மனுஷன், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார ஒத்துக்கொண்டார். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்; அதனால் பயமில்லை. நான் நிறுத்திய காரின் பின் சக்கரத்தருகே, டயர் மாற்றுகிறவள் மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்து எதுவுமே தெரியாது என்று. கண்ணுக்கு முன்னால் சக்கரம், நட்டு, கொஞ்சம் மண். அவ்வளவுதான். வருகிற வண்டி காதால்தான் வருகிறது. முதலில் இஞ்சின் சத்தம், பிறகு சக்கரத்துக்கடியில் கல் நொறுங்கும் சத்தம். எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது என்று முதுகால் எப்படிக் கண்டுபிடிப்பது? அக்கா நத்தை மாதிரிதான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் பிரேக்கோடு ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்பதும் தெரியும். இருந்தும் கார் என்னைத் தாண்டியபோது நான் சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டிருந்தேன். சட்டை முதுகில் நனைந்துவிட்டது.

அக்கா கச்சிதமாகத் தாண்டினார். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மலாய் ஆசிரியர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நானும் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த சாலைப் பயிற்சியில் காய்கறி வேன் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. ஒருவர் முன் சக்கரத்துக்குக் கீழே ஜாக்கியைச் சொருகிக்கொண்டிருந்தார். அக்கா பழையபடி நடுச் சாலையில் நிறுத்திவிட்டார்.

இந்தத் தடவை பின்னால் வண்டி எதுவும் இல்லை. நான் கத்தவில்லை. ஆனால் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

"ஏங்கக்கா, திடல்ல அவ்ளோ நல்லா செஞ்சீங்களே?"

"அங்க உக்காந்திருந்தது நீங்க டீச்சர். வண்டி கிட்ட வந்தா எந்திரிச்சு ஓடிருவீங்க. இந்த ஆளுக்கு நான் வர்றதே தெரியாது."

"தெரியாட்டி என்ன, நீங்கதான் அவரப் பாக்குறீங்களே. ஒதுங்கிப் போனா அவருக்கு ஒண்ணும் ஆகாது லா."

"அந்தப் பொண்ணும் ஒதுங்கித்தான் போயிருப்பா" என்றார் அக்கா.

எந்தப் பொண்ணு என்று கேட்டேன். அவரை ஓரங்கட்டச் சொல்லி, டபுள் சிக்னல் போட்டுவிட்டு உட்கார்ந்ததும் அக்கா சொன்னார். வீட்டுக்காரரை அடித்த காரை ஓட்டியது ஒரு மலாய்ப் பெண். காலேஜில் படிக்கிறவள், அக்காவின் மகள் வயது. வேகமாகக்கூட வரவில்லை. லேசாகத் தூறல் விழுந்ததும் வைப்பரைப் போடக் குனிந்திருக்கிறாள். நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓடிப் போகவில்லை. தன் துணியையே கிழித்து அவர் காலைக் கட்டிவிட்டு, ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் தரையில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

"போலிஸ் ஸ்டேஷன்ல அவளப் பாத்தேன் டீச்சர். அடிக்கணும்னுதான் போனேன். அவ என்னப் பாத்ததும், மிந்தா மாஃப் மாச்சிக், மிந்தா மாஃப்னு, மன்னிச்சிருங்கன்னு என் காலப் பிடிச்சிக்கிட்டா. விடவே இல்ல. அவ கை எப்படி நடுங்கிச்சுங்கிறீங்க. பெறகு ஒரு நாள் அவ அப்பா வீட்டுக்கு வந்தாரு. பொண்ணு அப்பறம் காடி ஸ்டியரிங்கத் தொடவே இல்ல, படிப்பையும் விட்டுட்டான்னு சொல்லிட்டு அழுதாரு." அக்கா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு கால் போயும் சாப்புடுறாரு, தூங்குறாரு, டீவி பாக்குறாரு. அந்தப் பொண்ணு எப்படி இருப்பா? ஸ்டியரிங்கப் பிடிச்சு ஒரு ஆளத் தாண்டுறப்பல்லாம் நான் அவளா ஆயிட்டா என்ன செய்யறதுன்னுதான் எனக்குப் பயம்."

அவர் பயந்தது அடிபடுவதற்கு அல்ல, அடித்துவிடுவதற்கு. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்தப் பெண் கவனமில்லாதவள் என்று ஆகிவிடும். அக்காவுக்கு அது பிடித்திருக்காது. அவரை வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. நாற்காலிக்குப் பக்கத்தில் ஊன்றுகோல்.

"எப்படி ஓட்டுறா?" என்று என்னைக் கேட்டார்.

நன்றாக ஓட்டுகிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நின்ற வண்டியைக் கண்டால் நிறுத்திவிடுகிறார், அதைச் சரி பண்ணாமல் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று, திடலில் பழக்கியதையும் சேர்த்து உள்ளதைச் சொன்னேன். அக்கா வீட்டுக்குள் போய்விட்டார். வீட்டுக்காரர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"திடல்ல யாரு உக்காந்தா?"

"நான்தாண்ணே."

"நீங்க உக்காந்தா எப்படி?" என்றார். "நான் வர்றேன். நான் உக்கார்றேன்."

வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். உள்ளேயிருந்து அக்கா இன்னும் சத்தமாகச் சொன்னார். அவர் இருவரையும் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் இரண்டு பேரையும் திடலில் கொண்டுவந்து விட்டாள். அவர் ஊன்றுகோலை ஊன்றி, நிறுத்தியிருந்த பழைய காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். கேன்டீனிலிருந்து ஒரு குட்டை ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். சாலைப் பக்கம் இருக்கவேண்டிய பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டு, காரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். காரின் பின்பெட்டியிலிருந்த நட்டுக் கழற்றும் சாவியைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

இந்தத் தடவை நானே அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.

அக்கா திடலின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பினார். பாதி தூரம் வந்ததும் நிறுத்திவிட்டார். முன்னால் கொஞ்ச தூரத்தில் அந்தப் பெரிய முதுகு. அவர் திரும்பாமலே கத்தினார்.

"ஏன் நிக்கிற? எதிர்ல எதாச்சும் வருதா?"

"இல்லங்க" என்றார் அக்கா, ஜன்னல் வழியாக.

"அப்பறம் என்னா? வா லா!"

அக்கா அசையவில்லை.

"இந்தா, கேளு புள்ள. நீ நின்னுட்டா பின்னால வர்றவன் உன்ன இடிப்பான். உன் காடி வந்து என்னய இடிக்கும். எனக்கு ஒரு காலுதான் மிச்சம் இருக்கு. பாத்துக்க."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பினார். கண்ணாடி பார்த்தார். சிக்னல் போட்டார். யாருமே இல்லாத திடலில் வலது பக்கம் தலையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டார். ஒதுங்கினார். ஒரு கதவு அகலத்துக்கு மேலேயே இடைவெளி. கார் அவரைத் தாண்டும்போது அக்கா மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் விடவில்லை. பிரேக்கை அழுத்தவும் இல்லை.

"பாத்தீங்களா டீச்சர், தலையக்கூடத் திருப்பல" என்றார் அக்கா, தாண்டிய பிறகு. அவர் குரலில் பெருமைதான் தெரிந்தது. தன்னைப் பற்றிய பெருமையா, அவரைப் பற்றியதா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டுக்காரர் தலையைத் திருப்பாமல் ஏதாவது சொன்னார். "இப்ப ரொம்பத் தள்ளிப் போன, எதிர்ல வர்றவனுக்கு எடம் வேணாமா?" "இது சரி." "ஏன் உறும விடுற, ரெண்டாம் கியர் போடு." கடைசிச் சுற்றில் அக்கா ஹாரனைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். வீட்டுக்காரர் நட்டுச் சாவியைத் தூக்கி ஆட்டினார்.

அவரை எழுப்பிவிட நான்தான் போனேன். கையைப் பிடித்தபோது உள்ளங்கை முழுக்க துரு அப்பியிருந்தது. நட்டுச் சாவியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"சத்தம் கிட்ட வந்தப்ப எந்திரிச்சு ஓடணும் போலத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றார் மெல்ல. "ஓட முடியாதுல்ல, அதான் உக்காந்திருந்தேன்." சிரித்தார். "அவகிட்ட சொல்லிறாதீங்க."

நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்குச் சாலையில் எங்களுக்கு ஒரு வண்டியும் பழுதாகிக் கிடைக்கவில்லை. நானும் அக்காவும் ஈஜோக் சாலையில் போகும்போதும் வரும்போதும் தேடிக்கொண்டே போவோம். ஊரெல்லாம் வண்டி நன்றாக ஓடுகிறதே என்று நான் அலுத்துக்கொண்டபோது, "நல்லதுதான டீச்சர்" என்றார் அக்கா. அப்படிப் போன ஒரு நாளில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு பழைய கார் டபுள் சிக்னலோடு நின்றிருந்தது. முக்கோணம் ஒழுங்காக வைத்திருந்தார்கள். ஒரு மனிதர் குனிந்திருந்தார். தூக்கிவிட்ட பின்பெட்டி மூடியின் நிழலில் அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தார். எதிரே தண்ணீர் லோரி வந்துகொண்டிருந்தது. அக்கா முக்கோணத்துக்கு முன்னால் நிதானமாக நின்றார். இந்த முறை நின்றது சரி. லோரி போனதும், நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போட்டு, ஒதுங்கி, தாண்டிவிட்டார். குழந்தை எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. அக்கா பதிலுக்குக் கை ஆட்டவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. கண்ணாடியில் அந்தக் குடும்பம் சின்னதாகப் போகிறவரைக்கும் வேகத்தைக் கூட்டவும் இல்லை.

முதல் பரீட்சையில் அக்கா தோற்றுவிட்டார். சாலையில் இல்லை, மேட்டில். கார் பின்னால் உருண்டுவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்தபடியே அவருக்குக் கிளச் பாடம் நடத்தினாராம், காற்றில் ஒற்றைக் காலை மிதித்துக் காட்டி. இரண்டாம் தடவை தேறினார். அன்று எனக்கு ஒரு பை நிறைய இறால் வந்தது. நன்றாகக் கழுவி, ஐஸ் போட்டு, மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி. "காடில வாடை வராது டீச்சர்" என்றார்.

தியரி வகுப்பில் இப்போது அந்தப் பகுதி வரும்போது நான் பிள்ளைகளை எழுப்பி வெளியே கூட்டிப் போகிறேன். ஒவ்வொருவராக அந்தப் பழைய காரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் காரில் மெல்ல அவர்களைத் தாண்டிப் போகிறேன். கேலி பண்ணிக்கொண்டு உட்காருகிற பையன்கள் எழுந்திருக்கும்போது பேச்சில்லாமல் எழுந்திருக்கிறார்கள். வகுப்பு நேரம் வீணாகிறது என்று பள்ளியில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் நிறுத்தவில்லை.

சென்ற மாதம் அவர்கள் இருவரும் பள்ளிக்கு வந்தார்கள். அக்காதான் ஓட்டி வந்தார், புது ஓட்டுநர் என்று காட்டுகிற பி எழுத்தைக் கண்ணாடியில் ஒட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியாம். வீட்டுக்காரர் இறங்காமல் ஜன்னலை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இடது காலால எண்ணெய் மிதிக்கிற மாதிரி காடிய மாத்தலாமாமே? ஆஸ்பத்திரில ஒருத்தன் சொன்னான்."

ஆக்ஸிலரேட்டரை இடது பக்கம் மாற்றலாம், ஆனால் டாக்டர் சான்று வேண்டும், அந்த மாதிரிக் கார் எங்கள் பள்ளியில் இல்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"விசாரிங்க" என்றார். "இவ ஓட்டுற காடில எத்தன நாளுக்கு லா சும்மா உக்காந்து வர்றது?"

"சும்மாவா வர்றீங்க?" என்றார் அக்கா. "வழிநெடுக வாய் ஓயறதில்ல டீச்சர். அவரும் கத்துக்கட்டும். போறப்ப நான் ஓட்டுறேன், வர்றப்ப அவரு ஓட்டட்டும்."

நேரமாகிவிட்டது என்று அக்கா கண்ணாடியைச் சரி பார்த்துக்கொண்டார். வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் போகக் காத்திருந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார். வீட்டுக்காரர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.